குடும்ப அட்டை இலக்கத்தில் போட்ட பூட்டு

கடிதம் எழுத இருந்தாலே மூன்று தாளைக் கிழித்துப் போட்டு, நான்காவதில் சுகம் விசாரித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறவள் நான். உயர்தரம் வரை பள்ளிக்கூடம் போனேன். பரீட்சையில் ஒரு பாடத்தில்தான் சித்தியடைந்தேன். அப்படிப்பட்டவள் தன் கதையை எழுத வந்திருப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். எழுதத் தெரிந்தவர்கள் இருக்கவேண்டிய கதிரையில் அவர்கள் வரும்வரைக்கும் குந்தியிருக்கிறேன் என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் அது என் பிழை. பொய் இருக்காது.

இன்று நான் சொந்தமாக மென்பொருள் செய்து கொடுத்துப் பிழைக்கிறேன். பிறருடைய கணினிக்குள் யார் புகுந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று பார்த்துச் சொல்வதும், இனிமேல் புகமுடியாதபடி பூட்டுச் செய்து கொடுப்பதும் என் தொழில். எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று கேட்கிறவர்களிடம், "வைரஸ் பார்க்கப் போனேன், அப்படியே நின்றுவிட்டேன்" என்று சொல்லிச் சிரித்துவிடுவேன். அது உண்மையில் பாதி. மற்றப் பாதியில் ஒருவர் இருக்கிறார். நான் அக்கா என்று கூப்பிட்டவர். கூடப் பிறந்தவர் இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவரை மரியாதை குறைத்து எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்பா மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து கலவரத்துக்குப் பயந்து கிளிநொச்சிக்கு வந்தவர். இரணைமடுத் தண்ணீர் பாய்கிற வயல்களில் கூலிக்கு நின்றார். அம்மா இல்லை. உயர்தரத்தில் கவிழ்ந்த பிறகு நான் தட்டெழுத்து வகுப்புக்குப் போனேன். மின்சாரம் இல்லாத ஊரில் மின்சாரம் கேட்காத யந்திரம் அதுதான். மற்றவர்களோடு கதைக்கக் கூச்சப்படுகிற எனக்கு அதன் சத்தம் பெரிய துணையாக இருந்தது. சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறவளிடம் யாரும் கதை கேட்க வரமாட்டார்கள்.

தொண்ணூற்றாறில் சண்டை வந்து கிளிநொச்சி முழுக்க எழும்பி நடந்தபோது நாங்களும் நடந்தோம். மல்லாவிப் பக்கம் காடு வெட்டித் தறப்பாள் கட்டி இருந்தோம். பக்கத்துத் தறப்பாளில் அக்கா. முல்லைத்தீவுக் கரைக்காரர். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. வயதான தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் அவரோடு. பின்னேரங்களில் அந்தத் தறப்பாளிலிருந்து செபமாலை கேட்கும். எங்கள் பக்கத்தில் அப்பா திருநீற்றைப் பூசிக்கொண்டு இருமுவார்.

நிவாரணம் சங்கக்கடையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்ப அட்டை, அட்டைக்கு ஒரு இலக்கம். மனேச்சர் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார், இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார். காலையில் போனால் மத்தியானம் தாண்டும். ஒரு ஆள் நின்றால் இரண்டு வீட்டுக்கும் போதும் என்று நாங்கள் பேசி வைத்தோம். ஒரு கிழமை நான் நிற்பேன், மறுகிழமை அக்கா நிற்பார். என் இலக்கத்துக்கு அக்கா குரல் கொடுப்பார், அக்காவின் இலக்கத்துக்கு நான் கொடுப்பேன்.

"உன்ரை நம்பருக்கு எப்பவும் சீனி முடிஞ்சுபோகுதடி. ராசியில்லாத நம்பர்," என்பார் பையை இறக்கிவைத்துக்கொண்டு.

"உங்கடை நம்பருக்கு மட்டும் கல்லில்லாத அரிசியோ?"

"அதுக்குத்தான் நான் செபம் சொல்லுறனான். நீ சும்மா மடியிலை ரைப் அடிக்கிறாய்."

அடுத்த வருடம் அப்பாவுக்கு நெஞ்சில் வருத்தம் வந்து, மருந்துக்காக இராணுவத்தின் பக்கம் இருந்த வவுனியாவுக்கு வந்தோம். முகாமில் விட்டார்கள். அங்கே எங்களைப் போல வந்தவர்களுக்கு வெளியே நடமாட எல்லாம் பாஸ்தான். நாள் பாஸ், கிழமைப் பாஸ், மாதப் பாஸ். முகாமுக்கு வெளியே வீடெடுத்து இருக்கவேண்டுமானால், உள்ளூர்க்காரர் ஒருவர் "இவருக்கு நான் பொறுப்பு" என்று கடிதம் தரவேண்டும். அந்தக் கடிதம் இல்லாதவர்கள் முகாம் கொட்டிலில் இருந்தார்கள். கடிதம் தந்தவர் அதை நிறுத்தினால் வெளியே இருந்தவரும் திரும்ப முகாமுக்குத்தான்.

எனக்குக் கடிதம் தந்தவர் பஜாருக்குக் கிட்ட கணினிக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி. மூன்று கணினிகள். கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், விண்ணப்பம், வகுப்பு எல்லாம் அதிலேதான் நடந்தது. என் தட்டெழுத்து வேகத்தைப் பார்த்துவிட்டு வேலைக்கு எடுத்தார். மாதா மாதம் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அப்பாவும் நானும் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தோம். முதலாளி நல்லவர் என்று அந்த நாளில் யார் கேட்டாலும் சத்தியம் பண்ணியிருப்பேன்.

வைரஸ் பார்க்கிற வேலை யாரும் தந்து வரவில்லை. ஊரில் உள்ள அலுவலகங்கள் எல்லாம் பிளொப்பியைக் கொண்டுவந்து எங்கள் கணினியில் போடும், வாங்கிக்கொண்டு போகும். ஒருவருடைய வருத்தம் எல்லாருக்கும் தொற்றும். ஒருநாள் மூன்று கணினியும் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. முதலாளி கொழும்பிலிருந்து வைரஸ் பிடிக்கிற பிளொப்பி ஒன்றும் அதற்கான ஆங்கிலப் புத்தகமும் எடுப்பித்தார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை நான் ஒரு மாதம் வாசித்தேன். பிளொப்பி பழையதாகி, புது வைரஸ்களை அதற்குத் தெரியாமல் போனபோது எனக்கு வேறொரு யோசனை வந்தது. வைரஸ் ஒட்டிக்கொண்டால் கோப்பு கொஞ்சம் பருக்கும். ஆகவே கணினியில் உள்ள முக்கியமான கோப்புகளின் அளவுகளை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். காலையில் கடை திறந்ததும் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஏதாவது பருத்திருந்தால் பிடிபடும். பிறகு அந்த ஒப்பிடுகிற வேலையைக் கணினியே செய்தால் என்ன என்று தோன்றியது. அதுதான் நான் எழுதிய முதல் நிரல்.

வாசலில் இரண்டு பிஸ்கட் ரின் வைத்தேன். ஒன்றில் "பார்க்காதது", மற்றதில் "பார்த்தது" என்று எழுதினேன். யாராக இருந்தாலும் பிளொப்பியை முதலில் முதல் ரின்னில் போடவேண்டும்.

"என்ன பிள்ளை, எனக்கும் ரெண்டு நாளாய்க் காய்ச்சல். என்னையும் இந்த ரின்னுக்குள்ளை போட்டுப் பாருமன்," என்பார் எங்களைப் போல பாஸில் இருந்த ஒரு ஆசிரியர். அவர்தான் தன் பரீட்சை வினாத்தாளுக்குப் பூட்டுப் போட்டுத்தரச் சொல்லி வந்தவர்.

"பாஸ்வேர்ட் ஒண்டு யோசியுங்கோ சேர். உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதாய்."

"எனக்கு மட்டும் தெரிஞ்சது எண்டு ஒண்டும் என்ரை மனுசி வைச்சிருக்க விடுறேல்லையே." கொஞ்சம் யோசித்து, திரும்பி நின்று, ஏதோ தட்டினார். "இதை ஒருத்தனும் கண்டுபிடிக்கேலாது."

"உங்கடை பாஸை ஒருக்காத் தாங்கோ சேர்."

தந்தார். பாஸில் இருந்த இலக்கத்தைத் தட்டினேன். திறந்தது.

எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். சோதனைச் சாவடியில் நாளைக்கு நான்கு தரம் சொல்லிச் சொல்லி, சொந்தப் பிறந்தநாள் மறந்தாலும் பாஸ் இலக்கம் மறக்காது என்ற நிலைமையில் இருந்தோம். பூட்டு என்றதும் கை தானாக அங்கே போகும். பாஸ் இலக்கத்தைப் போடாதேங்கோ, அது உங்கள் சட்டைப்பைக்குள் எல்லாரும் பார்க்கிறபடி இருக்கிறது என்று கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னேன். கூச்சமாக இருந்தாலும் அதை மட்டும் உரத்துச் சொன்னேன்.

என்னுடைய கோப்புகளுக்கு நான் போட்டது என் பழைய குடும்ப அட்டை இலக்கம். மல்லாவியில் மனேச்சர் கூப்பிட்ட அதே இலக்கம். அட்டையை முகாமுக்கு வந்த நாளே வாங்கிக் கிழித்துவிட்டார்கள். வவுனியாவில் அந்த இலக்கம் எந்தக் காகிதத்திலும் இல்லை. இவ்வளவு பாதுகாப்பான இலக்கம் வேறு எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். அதை இங்கேயும் எழுதமாட்டேன், பழக்கம் விடாது.

தொண்ணூற்றெட்டு முடிகிற நேரம் அக்கா குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். முகாமில் அவரைக் கண்டு கட்டிப்பிடித்து அழுதேன். முதலாளியிடம் கெஞ்சி வேலைக்குச் சேர்த்துவிட்டேன். தட்டெழுத்தை மூன்று மாதத்தில் பிடித்தார். ஆனால் கடிதம் கிடைக்கவில்லை.

"ஒரு கடைக்குள்ளை எத்தினை பேருக்கு நான் பொறுப்பு நிக்கிறது? நாளைக்கு ஒண்டு நடந்தால் என்னைத்தானே வந்து பிடிப்பாங்கள்," என்றார் முதலாளி.

அக்கா நாள் பாஸில் முகாமிலிருந்து வந்து, பின்னேரம் அடைக்கிறதற்குள் திரும்புவார். தாய்க்கு மூச்சு முட்டு. முகாம் கொட்டிலில் மழை ஒழுகும். இரண்டு வருடம் அப்படியே போனது.

அந்த இடையில்தான் ஒரு அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வரத் தொடங்கினார். இடம்பெயர்ந்த குடும்பங்களின் விபரம் சேர்க்கிற அலுவலகம். யார் எங்கிருந்து வந்தார், வீட்டில் யார் காணாமற் போனார், பிள்ளைகள் எங்கே என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். அவருடைய ஆள் ஒருவர் பட்டியல் பிளொப்பியை பஸ்ஸில் விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. அந்த இரண்டு நாளும் தான் சாப்பிடவில்லை என்று பெரியவர் சொன்னார்.

"பிள்ளை, இந்தப் பேருகள் பிழையான ஆளின்ரை கையிலை போனால் ஆற்றை வீட்டுக் கதவு தட்டுப்படும் எண்டு சொல்லேலாது. பிளொப்பி துலைஞ்சாலும் உள்ளுக்கு இருக்கிறது வாசிக்கேலாமல் செய்ய ஒரு வழி இருக்கோ?"

"இருக்கும் ஐயா. செய்து பாக்கிறன்."

"நீர் தனியாச் செய்து தந்தால் நான் உம்மட்டையே எடுக்கிறன். எங்கடை அலுவலகத்துக்கு வெளியாலை நிண்டு வேலை செய்யிற ஆள் எண்டு கடிதமும் தரலாம்."

அந்தக் கடைசி வசனத்தை நான் பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அலுவலகக் கடிதம் கிடைத்தால் முதலாளியின் கையெழுத்து வேண்டியதில்லை. கடையை விட்டு வெளியே வந்து, என் பேரில் ஒரு மேசை போட்டு, நானே வேலை எடுத்துச் செய்யலாம். எனக்கு அதற்கு முன்னால் எதன்மேலும் அவ்வளவு ஆசை வந்ததில்லை.

முதலாளியிடம் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் இருந்து எனக்கென்று ஒரு வேலை செய்யலாமா என்று கேட்டேன்.

"ஞாயிறு கடை பூட்டுத்தானே. கரண்ட் இருந்தால் இருந்து செய்யும். ஞாயிறு உம்மடை," என்றார்.

ஐந்து மாத ஞாயிறுகள். பூசை முடிந்ததும் அக்கா கோவில் சாரியோடு நேரே கடைக்கு வருவார். நிரலைச் சோதிக்கப் பொய்யான குடும்பங்கள் வேண்டியிருந்தன. நான் தட்ட, அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து சொல்லுவார்.

"எழுதடி. குடும்பத் தலைவர், கடலாமை. சொந்த இடம், முல்லைத்தீவு. பிள்ளைகள், நூற்றிருபது."

"அவ்வளவு இடமில்லை அக்கா. இரண்டு இலக்கம்தான்."

"அப்ப தொண்ணூற்றொன்பது போடு. மிச்சத்தை நண்டு திண்டிட்டுது எண்டு குறிப்பிலை எழுது. அடுத்தது, முதலை. இரணைமடு. தொழில், கமம்."

"முதலை வயல் செய்யுமோ?"

"உங்கடை இரணைமடுவிலை தண்ணிக்குள்ளை கிடக்கிற எல்லாரும் கமக்காரர்தானே."

நான் அவ்வளவு சிரித்த நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு.

நிரல் முடிந்தது. பட்டியலைச் சேமிக்கும்போது எழுத்துகளை எல்லாம் கலைத்துப் போட்டுவிடும். சரியான சொல் கொடுத்தால்தான் திரும்ப அடுக்கும். திறந்ததும் முதல் திரையில் அப்பாவின் பேரின் முதல் எழுத்தும் என் பேரும். நிரலை எப்படி எழுதினேன் என்கிற மூலத்தையும் எங்கள் பொய்க் குடும்பங்களின் பட்டியலையும் மட்டும் தனியாகச் சுருக்கி, பழைய அட்டை இலக்கத்தால் பூட்டி, கடைக் கணினியில் ஒரு பிரதியும் என் பையில் ஒரு பிரதியும் வைத்திருந்தேன். மூலம் கையில் இருந்தால் யாரும் பேரை மாற்றலாம். கலைக்கிற வழியையும் படித்துவிடலாம். இன்று நான் செய்கிற பூட்டுகளின் செய்முறையை ஊர் முழுக்க வாசித்தாலும் திறப்பு இல்லாமல் திறக்கமுடியாது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு தெரியாது. செய்முறையை ஒளித்துவைத்தால் போதும் என்று நம்பியிருந்தேன்.

பெரியவர் ஒரு புதன்கிழமை வரச் சொன்னார். அதற்கு முந்திய ஞாயிறும் அக்கா வந்தார். அன்று குடும்பம் ஒன்றும் சொல்லவில்லை. தலைவலி என்றார். திங்களும் செவ்வாயும் வழக்கம்போல என் சாப்பாட்டுப் பார்சலில் பாதி சாப்பிட்டார்.

புதன் காலை நல்ல சாரி ஒன்றை உடுத்துக்கொண்டு பிளொப்பியோடு போனேன். பெரியவர் என்னைக் கண்டதும் கொஞ்சம் முழித்தார்.

"உம்மடை முதலாளி திங்கக்கிழமையே கொண்டந்து போட்டுக் காட்டிட்டாரே. நீர் இன்னொண்டு செய்தனீரோ?"

கணினியைத் திருப்பிக் காட்டினார். என் நிரல். நான் வைத்த நிறம், நான் வைத்த கோடு. முதல் திரையில் கடையின் பேர். கீழே முதலாளியின் பேர்.

பெரியவர் அம்புக்குறிப் பொத்தானை அமர்த்திக்கொண்டே போனார்.

"வேலை திறம். ஆனால் இது ஆரெண்டுதான் எங்களுக்கு விளங்கேல்லை. கடலாமை, முல்லைத்தீவு, பிள்ளைகள் தொண்ணூற்றொன்பது." அவருக்குப் பக்கத்தில் இருந்த எழுதுவினைஞர் சிரித்தார். "மிச்சத்தை நண்டு திண்டிட்டுதாம். உங்கடை முதலாளி பகிடிக்காரர்போலை."

முதலாளி பட்டியலைப் பார்க்காமலே கொண்டுவந்திருக்கிறார். பேரை மாற்றுவதில் இருந்த அவசரத்தில் உள்ளே இருப்பதை வாசிக்கவில்லை. அக்காவின் வாயால் வந்த ஒவ்வொரு சொல்லும் திரையில் அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு யோசனை ஓடியது. பேரை மாற்ற மூலம் வேண்டும். மூலத்தைத் திறக்க இலக்கம் வேண்டும். எங்கள் வீட்டுக்கு வெளியே அந்த இலக்கத்தை வவுனியாவில் சொல்லக்கூடிய வாய் ஒன்றே ஒன்று.

இது என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். ஆமையும் முதலையும் சாட்சி. ஆனால் கதைக்கத் தொடங்கினபோது நான் நினைத்திராதது வந்தது.

"ஐயா, இதுக்குள்ளை ஆக்களின்ரை பேர் ஒண்டும் போடாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"இந்தப் பூட்டு எப்பிடிச் செய்ததெண்டு வேற ஆக்களுக்குத் தெரிஞ்சிட்டுது. பிளொப்பி துலைஞ்சால் அவையாலை வாசிக்கேலும். நான் கொண்டந்திருக்கிறதும் இதேதான். இதையும் எடுக்காதேங்கோ."

"அப்ப இது ஆர் செய்தது?"

"நான்தான்."

"நீர் செய்ததை நீரே வேண்டாமெண்டு சொல்லுறீர்."

"ஓம் ஐயா."

அவர் பிளொப்பியை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு பேரிடமும் எடுக்கப்போவதில்லை என்று சொன்னார். அவர் சொன்னது நியாயம்.

கடைக்குத் திரும்பிப் போனேன். முதலாளி கல்லாவில் இருந்தார். அக்கா கணினிக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு மரண அறிவித்தல் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயிறு என்ரை எண்டு சொன்னனீங்கள்," என்றேன்.

"ஞாயிறு உம்மடைதான். கொம்பியூட்டர் ஆற்றை? கரண்ட் ஆற்றை? தோட்டத்தாலை வந்த பிள்ளையைக் கதிரையிலை இருத்திவைச்சது ஆரு?"

தோட்டத்தால் வந்தவர் என் அப்பா. நான் பிறந்தது கிளிநொச்சி ஆஸ்பத்திரியில். வருகிற மாதக் கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டீர்கள்தானே என்று கேட்டேன். வேலைக்கு வந்தால் போடுவன் என்றார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு என் கொப்பியை எடுத்தேன். அக்கா திரும்பவில்லை. தட்டுகிற சத்தம் மட்டும் நின்றிருந்தது.

பின்னேரம் முகாமுக்குப் போகிற வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு காத்து நின்றேன். அக்கா என்னைக் கண்டும் நடையைக் குறைக்கவில்லை. பக்கத்தில் நடந்தேன்.

"அக்கா, அந்த நம்பர்..."

"ஓம். நான்தான் குடுத்தனான்."

இல்லை என்று சொல்லுவார், அதை நம்புவதுபோல நடிக்கலாம் என்று வழி முழுக்க எண்ணிக்கொண்டு வந்திருந்தேன். அதற்கும் இடம் வைக்கவில்லை.

"உங்களுக்கு நான் சொல்லேல்லையே."

"நீ சொல்லேல்லை. ரெண்டு கிழமையாய் அந்தாள் உன்ரை பாஸ் நம்பர் போட்டுப் பாத்தது, உன்ரை அப்பாவின்ரை பேர் போட்டுப் பாத்தது. ஒண்டும் சரிவரேல்லை. உமக்குத் தெரியாமல் இருக்காது எண்டு என்னைப் பிடிச்சுக்கொண்டுது. எனக்கு உண்மையாய்த் தெரியாதடி. இருந்து யோசிச்சன். உன்ரை புத்தி எனக்குத் தெரியும்தானே." பையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "முதல் தரமே திறந்திட்டுது."

"உங்களுக்குக் கடிதம் தந்தவரோ?"

"நாலு பேருக்கும் சேத்து."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டால் நீ என்னத்தைத் தருவாய்? உன்னட்டைக் கடிதம் கிடக்கோ?"

"எனக்குக் கிடைச்சிருந்தால் உங்களுக்கும் கேட்டு வாங்கியிருப்பன்."

"வாங்கியிருப்பாய். அடுத்த மாரிக்குப் பிறகு. அம்மா அதுமட்டும் இருக்குமோ? உனக்கு மூளை கிடக்கு, இன்னொண்டு செய்வாய். எனக்கு இன்னொரு அம்மா இல்லை."

முகாம் வாசல் தெரிந்தது. நாள் பாஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கோவமே?"

"ஓம்."

"இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த ஞாயிறு தலைவலி என்றது பொய் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கடிதத்துக்காகச் செய்தது எனக்கு விளங்குகிறது. அந்தத் தாயின் மூச்சு இழுக்கிற சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். என்னுடைய அப்பாவாக இருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே உத்தரவாதம் இல்லை. விளங்குவதால் ஆறிவிடுகிறது என்று சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. முதலாளி எடுத்ததைக்கூட மறந்துவிட்டேன், அவர் அந்நியர். ஆனால் ஒரு மனுசிக்காக வரிசையில் நின்று, அவளுடைய இலக்கத்துக்கு வாய் திறந்து அரிசி வாங்கிக் கொடுத்தவர், அதே இலக்கத்தை யோசித்துப் பிடித்து, முதல் தரத்திலேயே திறந்தார் என்பதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த முதல் தரம்தான் என்னைக் குத்துகிறது. நாலைந்து தரம் பிழைத்திருந்தால் இவ்வளவு நொந்திருக்கமாட்டேன்.

அவர்கள் அந்த மாதமே முகாமைவிட்டு வெளியே போனதாகக் கேள்விப்பட்டேன். ஒருமுறை சந்தையில் கண்டேன். மூத்த மகள் வளர்ந்திருந்தாள். நான் மரக்கறிக் கடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். பிழை செய்தவர் நிமிர்ந்து நடக்க, நான் ஒளித்து நின்றேன். என் சுபாவம் அப்படி.

அந்தப் புதன் பின்னேரம் அறைக்கு வந்தபோது அப்பா கட்டிலில் இருந்தார். அவருடைய பேச்சு கடைசிவரை தோட்டத்துப் பேச்சுத்தான். வீட்டுக்குள் நானும் அப்படித்தான் பேசுவேன்.

"என்னம்மா, மொகம் இப்பிடி இருக்கு? எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்லப்பா." நடந்ததைச் சொன்னேன். இலக்கம் கொடுத்தது யார் என்றும் சொன்னேன்.

நம்பவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "அந்தப் புள்ள நமக்காக வெயில்ல வரிசையில நின்னுச்சேம்மா."

"நின்னவங்களுக்குத்தாம்பா நம்பர் தெரியும்."

கடிதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. முகாமுக்குத் திரும்பவேண்டி வந்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்று மனதுக்குள் பார்த்தேன். எடுக்க அதிகம் இல்லை. பையிலிருந்த பிளொப்பியை எடுத்து, மேல் தகட்டை இழுத்து, உள்ளே இருந்த கறுத்த தட்டைக் கத்தரியால் வெட்டினேன். ஐந்து மாத ஞாயிறு நான்கு துண்டாக விழுந்தது. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிபோல அந்த அலுவலகத்தின் சாரதி வந்து, அங்கே மூன்று கணினிகள் இயங்கவில்லை, என்னால் வரமுடியுமா என்று ஐயா கேட்கச் சொன்னார் என்றார். போனேன். இரண்டில் வைரஸ், துடைத்துச் சரியாக்கினேன். மூன்றாவதில் மின் பெட்டி எரிந்திருந்தது, அதற்கு ஒன்றும் செய்யமுடியவில்லை. பின்னேரம் பெரியவர், இனி அங்குள்ள கணினிகளை நானே பார்க்கவேண்டும் என்று, முன்பு சொன்ன அந்தக் கடிதத்தை எனக்குத் தருவதாகச் சொன்னார். ரைப் அடிக்கிறவர் அன்று வரவில்லை. கடிதத்தை நானே அடித்தேன், அவர் கையெழுத்துப் போட்டார்.